பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை: டர்போ காரின் எரிபொருள் அமைப்பை உயர்த்தும்போது எதைக் கணக்கிட வேண்டும்?

டர்போ காரின் திறனைக் கூட்ட நினைக்கும் எவருக்கும் முதலில் கிடைக்கும் அறிவுரை, பெரிய பம்பும் பெரிய இன்ஜெக்டரும் போட வேண்டும் என்பதுதான். கடைக்குப் போனால் மணிக்கு இத்தனை லிட்டர் என்ற கணக்கில் 255, 340, 450 என்று பம்புகளுக்கு ஓர் எண் வரிசை; நிமிடத்திற்கு இத்தனை மி.லி. என்ற கணக்கில் 550, 850, 1000 என்று, எஞ்சினுக்குள் எரிபொருளைச் செலுத்தும் இன்ஜெக்டர்களுக்கு இன்னொரு வரிசை. இந்த எண்கள் எந்த நிலையில் அளக்கப்பட்டவை, ஒன்றுக்கொன்று என்ன உறவு, எதை முதலில் மாற்றுவது என்பவற்றை யாரும் விளக்குவதில்லை. புதிய பம்பு பொருத்தப்பட்ட காரிலேயே பிஸ்டன் உருகிப்போகும் நிகழ்வுகளுக்குக் காரணம் பெரும்பாலும் இந்த விளக்கமின்மையே.

இந்தக் கட்டுரை நான்காம் தலைமுறை டொயோட்டா சூப்ராவை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. 1993 முதல் 2002 வரை தயாரிக்கப்பட்ட அந்தக் காரின் டர்போ வகையில் 2ஜேஇசட்-ஜிடிஇ என்ற, 2,997 கன செ.மீ. கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. ஜப்பானில் 280 குதிரைத்திறன் என்றும் அமெரிக்காவில் 320 என்றும் அறிவிக்கப்பட்ட இந்த எஞ்சினின் வார்ப்பிரும்பு பிளாக் அதைவிடப் பல மடங்கு சுமையைத் தாங்கக்கூடியது என்பதால், உலகெங்கும் மிக அதிகமாகத் திறன் ஏற்றப்பட்ட எஞ்சின்களில் இதுவும் ஒன்றாயிற்று. அதன் எரிபொருள் அமைப்பு எளிய கட்டமைப்பு உடையது. அதில் செல்லும் கணக்கு மற்ற டர்போ கார்களுக்கும் சிறு மாற்றங்களோடு செல்லும்.

எரிபொருளின் வேலை காற்றுக்கு ஈடு கொடுப்பது

எஞ்சினின் திறனைத் தீர்மானிப்பது அது உள்ளிழுக்கும் காற்றின் எடை. காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போவைப் பெரிதாக்கினாலும், அது தரும் அழுத்தமான பூஸ்டைக் கூட்டினாலும் நடப்பது ஒன்றே: சிலிண்டருக்குள் அதிகக் காற்று செல்கிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற எடையில் எரிபொருளைக் கொண்டு சேர்ப்பதே எரிபொருள் அமைப்பின் கடமை. ஆகவே காற்றைக் கூட்டாமல் பம்பையும் இன்ஜெக்டரையும் மட்டும் மாற்றினால் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. மாறாக, எரிபொருளைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் எஞ்சின் சேதமடையும்.

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இந்த விகிதத்தை லாம்டா 1 என்பார்கள். ஆனால் முழுச் சுமையில் ஓடும் டர்போ எஞ்சினை யாரும் லாம்டா 1-இல் ஓட்டுவதில்லை, 0.8-ஐ ஒட்டிய அளவில், அதாவது ஒரு கிலோ பெட்ரோலுக்குச் சுமார் 11.8 கிலோ காற்று என்ற செறிந்த கலவையில் ஓட்டுகிறார்கள். கூடுதலாகச் செல்லும் பெட்ரோல் எரிவதற்காகச் செல்வதில்லை. அது ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் கலவையைக் குளிர்விக்கிறது. தீப்பொறி மூட்டிய சுடர் பரவி முடிவதற்குள் மூலையில் இருக்கும் கலவை தானாகவே வெடித்துவிடும் ‘நாக்கிங்’ என்ற கேட்டைத் தடுக்கிறது.

கலவை மெலிந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். தொடர்ச்சியான நாக்கிங்கில் பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்புகள் முதலில் உடைகின்றன. பிறகு பிஸ்டனின் தலைப்பகுதி உருகுகிறது. முழு பூஸ்டில் இதற்குச் சில நொடிகள் போதும். பூஸ்ட் கசிந்தால் வண்டி வேகம் குறைந்து ஓட்டுநருக்குச் சேதி சொல்லிவிடும். எரிபொருள் குறைந்தாலோ, கலவை மெலியத் தொடங்கும் கட்டத்தில் வண்டி இன்னும் சற்று சுறுசுறுப்பாகக்கூட ஓடும். இந்த அமைப்பைக் கணக்கோடு அணுக வேண்டியதன் காரணம் இதுவே.

பாதையில் உள்ளவை

பெட்ரோல் செல்லும் வழியை வரிசையாகப் பார்த்தால் பின்வரும் கணக்குகள் புரியும்.

1. தொட்டி. சூப்ராவில் இதன் கொள்ளளவு 70 லிட்டர்.
2. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மின்சார பம்பு. அதன் வாயில் ஒரு வலைச் சல்லடை.
3. ஃபில்டரும், முன்பக்கம் வரை செல்லும் குழாயும்.
4. எஞ்சின் மேல் கிடக்கும் ஃப்யூவல் ரெயில். எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான குழாய் இது.
5. இன்ஜெக்டர்கள். எஞ்சினின் கணினியான ஈசியு அனுப்பும் மின்துடிப்புக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வுகள்.
6. அழுத்த ரெகுலேட்டர். ரெயிலில் அழுத்தம் குறித்த அளவைத் தாண்டாமல், மிஞ்சும் பெட்ரோலைத் திருப்பி அனுப்புவது.
7. மிஞ்சியதைத் தொட்டிக்குக் கொண்டு செல்லும் திரும்பு குழாய்.

இந்த ஏழில் எது மிகக் குறுகலோ அதன் அளவுதான் முழு அமைப்பின் அளவு. இதைக் கணக்கிடும்போது தொட்டியிலிருந்து முன்னோக்கிச் செல்வதைவிட, சிலிண்டரில் வேண்டிய எடையிலிருந்து பின்னோக்கிச் செல்வதே சரியான வழி.

600 குதிரைத்திறனுக்கு எவ்வளவு வேண்டும்?

ஒரு மணி நேரத்திற்கு ஒரு குதிரைத்திறனைத் தர எஞ்சின் எத்தனை கிராம் எரிபொருளைச் செலவிடுகிறது என்பது இங்கே அடிப்படை எண். செறிந்த கலவையில் ஓடும் டர்போ பெட்ரோல் எஞ்சினுக்கு இதை 270 கிராம் என்று கொள்வது பாதுகாப்பான மதிப்பீடு. இனிக் கணக்கு எளிது.

1. 600 குதிரைத்திறனுக்கு மணிக்கு 600 × 0.27 = 162 கிலோ பெட்ரோல்.
2. பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.74 கிலோ. ஆக மணிக்கு 219 லிட்டர், நிமிடத்திற்கு 3.65 லிட்டர்.
3. ஆறு இன்ஜெக்டர்களுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு 608 மி.லி. செலுத்த வேண்டும்.
4. இன்ஜெக்டரை எப்போதும் திறந்தே வைக்க முடியாது. திறந்திருக்கும் நேரத்தின் பங்கை ‘டியூட்டி சைக்கிள்’ என்பார்கள். அதை 85 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது வழக்கம். 608-ஐ 0.85-ஆல் வகுத்தால் 716 மி.லி.

எனவே 600 குதிரைத்திறனுக்குக் குறைந்தது 720 மி.லி. இன்ஜெக்டர்கள் வேண்டும், கடையில் கிடைக்கும் அடுத்த அளவான 850 பொருத்தமானது. இதே கணக்கைப் பின்னோக்கி நடத்தினால் காரோடு வந்த இன்ஜெக்டர்களின் எல்லையும் தெரிந்துவிடும். ஏற்றுமதி சூப்ராவில் இருந்த 550 மி.லி. இன்ஜெக்டர்கள் சுமார் 460 குதிரைத்திறன் வரையும், ஜப்பானியச் சந்தைக்கான காரின் 440 மி.லி. இன்ஜெக்டர்கள் சுமார் 370 வரையும் தாங்கும். ஒரே பெயருடைய இரு கார்களில் ஒருவருக்குப் போதுமானது இன்னொருவருக்குப் போதாமல் போவதன் காரணம் இதுதான். தன் காரில் எது இருக்கிறது என்று பாராமல் அடுத்தவரின் பட்டியலைப் பார்த்துப் பொருள் வாங்குவது ஆபத்து.

85 விழுக்காடு என்ற எல்லை எங்கிருந்து வந்தது? நிமிடத்திற்கு 7,000 சுற்றில், ஒரு சிலிண்டரின் முழுச் சுழற்சிக்கு, அதாவது இரண்டு சுற்றுகளுக்கு, 17.1 மில்லிநொடி மட்டுமே கிடைக்கிறது. இன்ஜெக்டரின் ஊசி எழுந்து திறக்கச் சுமார் ஒரு மில்லிநொடி ஆகும்; மூடவும் நேரம் வேண்டும். 85 விழுக்காட்டில் 14.6 மில்லிநொடி திறந்திருந்தால் மூடித் திறக்க 2.5 மில்லிநொடி மிஞ்சும். அதற்கு மேல் போனால் ஊசி முழுதாக மூடாமலேயே மீண்டும் எழும். செலுத்தும் அளவு ஈசியுவின் கட்டுப்பாட்டை மீறிவிடும். நூறு விழுக்காட்டில் அது வெறும் திறந்த குழாய்.

எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அழுத்த வேறுபாடு

இன்ஜெக்டரின் மேல் எழுதியிருக்கும் 550 அல்லது 1000 என்ற எண், பெரும்பாலும் 3 பார் அழுத்த வேறுபாட்டில் அளக்கப்பட்டது (ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம்). ‘வேறுபாடு’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. இன்ஜெக்டரின் பின்புறம் ரெயிலின் அழுத்தம். முன்புறம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம். முன்புறம் டர்போவின் பூஸ்ட் எதிர்த்து நிற்கிறது. ரெயிலில் 3 பார் மட்டுமே இருந்து, மேனிஃபோல்டில் 1.5 பார் பூஸ்ட் ஏறினால், இன்ஜெக்டரைத் தள்ளும் வேறுபாடு 1.5 பாராகச் சுருங்கிவிடும்.

பாயும் அளவு அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வேறுபாடு பாதியானால் பாய்ச்சல் 71 விழுக்காடாகக் குறையும். எஞ்சினுக்கு மிக அதிகமாகப் பெட்ரோல் வேண்டிய தருணத்தில், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இதைத் தவிர்க்கவே ரெகுலேட்டரின் மேல்பாகத்திலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு சிறு ரப்பர் குழாய் செல்கிறது. பூஸ்ட் ஒரு பார் ஏறினால் ரெயில் அழுத்தமும் ஒரு பார் ஏறும். வேறுபாடு எப்போதும் 3 பாராகவே நிற்கும். 1.5 பார் பூஸ்டில் ரெயில் அழுத்தம் 4.5 பார் இருக்க வேண்டும். சில ரூபாய் விலையுள்ள அந்தக் குழாய் விரிசல் விட்டாலோ கழன்றாலோ, மேலே சொன்ன 29 விழுக்காட்டு இழப்பு அப்படியே எஞ்சினின் தலையில் விடியும். விலையுயர்ந்த பம்பைத் தேடி அலைவதற்கு முன் இதைச் சோதிக்க வேண்டும்.

வர்க்கமூலக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. இன்ஜெக்டரை மாற்றாமல், அழுத்தத்தைக் கூட்டியே சமாளிக்கலாம் என்று சிலர் முயல்வதுண்டு. 3 பாரை 4 ஆக்கினால் பாய்ச்சல் 15 விழுக்காடு கூடும். இரட்டிப்பாக வேண்டுமென்றால் 12 பார் வேண்டும். இன்ஜெக்டர் அதைத் தாங்காது. பம்போ அதற்கு முன்பே தோற்றுவிடும். சிறு பற்றாக்குறையை ஈடுசெய்ய மட்டுமே இந்த வழி உதவும்.

பம்பு: அட்டையில் உள்ள எண்ணும் ரெயிலில் கிடைக்கும் அளவும்

‘மணிக்கு 255 லிட்டர்’ என்று விற்கப்படும் பம்பு எல்லா நிலையிலும் 255 லிட்டர் தராது. அந்த எண்ணோடு எப்போதும் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும்: எந்த அழுத்தத்தில், எந்த வோல்ட்டில்?

அழுத்தம் ஏற ஏற மின்சார பம்பின் பாய்ச்சல் குறையும். 3 பாரில் தாராளமாகத் தரும் பம்பு 4.5 பாரில் கணிசமாகக் குறைத்தே தரும். சில பம்புகளுக்குள் இருக்கும் பாதுகாப்பு வால்வு ஓர் எல்லைக்கு மேல் திறந்து, எரிபொருளைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிடும். நம் எடுத்துக்காட்டில் வேண்டியது 4.5 பாரில் 219 லிட்டர். ஆகவே தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில் 4.5 பார் கோட்டைப் பார்த்து, அங்கே குறைந்தது 260 லிட்டராவது தரும் பம்பைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வெப்பம், சல்லடை அடைப்பு, பம்பின் தேய்மானம் ஆகியவற்றுக்கு இருபது விழுக்காடு இடம் விடுவது வீண் செலவாகாது.

வோல்ட்டின் கதை இன்னும் அதிகம் கவனிக்கப்படாதது. வரைபடம் 13.5 வோல்ட்டில் வரையப்பட்டிருக்கும். தொட்டிக்குள் இருக்கும் பம்பின் முனையில் அவ்வளவு வருகிறதா என்பதுதான் கேள்வி. பெரிய பம்பு 15 ஆம்பியர் இழுக்கும் நிலையில், பழைய வயரிலும் இணைப்புகளிலும் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் வழியில் தொலைந்துவிடும். காரின் தொழிற்சாலை வயர் சிறிய பம்புக்காக அளவெடுக்கப்பட்டது. அதில் பெரிய பம்பை மாட்டினால் வயர் சூடாகும், பம்போ அரைப்பட்டினியில் ஓடும். பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், தனி ரிலே, தடித்த வயர், அதே தடிமனில் எர்த் இணைப்பு ஆகியவற்றைப் பொருத்துவது பம்பு மாற்றத்தின் பகுதியே தவிர, விருப்பத் தேர்வு ஆகாது. எர்த் வயரை மறந்துவிட்டு நேர் முனை வயரை மட்டும் தடிப்பாக்குவது வழக்கமாக நேரும் பிழை.

சூப்ராவில் இதற்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அந்தக் காரில் பம்புக்கென ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. சுமை குறைவாக உள்ளபோது அது பம்புக்குச் சுமார் 9 வோல்ட் மட்டும் கொடுத்து, சுமை ஏறும்போது முழு வோல்ட்டைக் கொடுக்கும். பெட்ரோல் வீணாகச் சுற்றிச் சூடாகாமல் இருக்க டொயோட்டா செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய பம்பைப் பொருத்தினால், கூடுதல் மின்னோட்டத்தை அந்தப் பெட்டி தாங்க வேண்டியிருக்கும். அதனால்தான் பலர் அதைத் தவிர்த்து ரிலே வழியாக நேரடி இணைப்பைக் கொடுக்கிறார்கள்.

அப்படிக் கொடுத்தால் டொயோட்டா தவிர்த்த அதே வெப்பம் திரும்பி வரும். 4.5 பாரில் மணிக்கு 300 லிட்டரைத் தள்ள உண்மையில் தேவைப்படும் திறன் 38 வாட் மட்டுமே. பம்பு இழுப்பதோ 200 வாட்டை ஒட்டி. மிச்சம் முழுவதும் வெப்பமாகிப் பெட்ரோலுக்குள்ளேயே இறங்குகிறது. எஞ்சின் சும்மா ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 1.5 முதல் 2 லிட்டர் மட்டுமே எரிகிறது. பம்பு தள்ளும் மற்ற அனைத்தும் சூடான எஞ்சின் அறையைச் சுற்றிவிட்டுத் தொட்டிக்கே திரும்புகிறது. தொட்டியில் பத்து லிட்டர் மட்டும் இருக்கும் கோடைப் பகலில், போக்குவரத்து நெரிசலில் அரை மணி நேரம் நின்றால், பம்பின் வாயிலேயே பெட்ரோல் ஆவிக்குமிழி கட்டத் தொடங்கலாம். ஆவியை பம்பு தள்ளாது. எனவே பம்பை எவ்வளவு பெரிதாக முடியுமோ அவ்வளவு பெரிதாக எடுப்பது சரியன்று. மிகப் பெரிய அளவு தேவைப்பட்டால், இரண்டு பம்புகளை வைத்து, இரண்டாவதை பூஸ்ட் ஏறும்போது மட்டும் இயக்கலாம். அப்போது ஓய்ந்திருக்கும் பம்பின் வழியே எரிபொருள் பின்னோக்கி ஓடாதபடி ஒருவழி வால்வு வேண்டும். இரண்டாவது பம்பு ஒரு நாள் இயங்க மறுத்தால் சாதாரண ஓட்டத்தில் அது தெரியவே தெரியாது என்பதையும், தெரியும் இடம் முழு பூஸ்ட் மட்டுமே என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

இன்ஜெக்டர் மிகப் பெரிதானால்

பெரிய இன்ஜெக்டரை வாங்கிவிட்டால் பிற்காலத்துக்கும் உதவும் என்ற எண்ணம் இயல்பானது. அதன் விலை மறுமுனையில், எஞ்சின் சும்மா ஓடும் நிலையில் தெரியும்.

மணிக்கு 1.5 லிட்டர் எரியும் நிலையில், 750 சுற்றில், ஒவ்வொரு இன்ஜெக்டரும் ஒரு முறைக்குச் செலுத்த வேண்டியது 0.011 மி.லி. மட்டுமே. 550 மி.லி. இன்ஜெக்டர் இதற்காக 1.2 மில்லிநொடி திறந்திருக்கும், 1000 மி.லி. இன்ஜெக்டர் 0.67 மில்லிநொடி; 2000 மி.லி. இன்ஜெக்டரோ ஒரு மில்லிநொடியில் மூன்றில் ஒரு பங்குதான். திறப்பதற்கே ஒரு மில்லிநொடி எடுக்கும் வால்விடம் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரத் துல்லியத்தை ஆறு சிலிண்டரிலும் ஒரே மாதிரி எதிர்பார்ப்பது கடினம். விளைவு: நடுங்கும் ஓட்டம், பெட்ரோல் வாடை, அதிகச் செலவு. சமீப ஆண்டுகளில் வரும் இன்ஜெக்டர்கள் குறுகிய துடிப்பிலும் நன்றாகக் கட்டுப்படுகின்றன. இருபது ஆண்டுகளுக்கு முன் 1000 மி.லி. என்றாலே நடுங்கும் வண்டி என்றிருந்த நிலை இன்று இல்லை. ஆயினும் கணக்குக்கு மிஞ்சிய அளவை வாங்குவதில் பயன் இல்லை.

திறக்க எடுக்கும் அந்த நேரம் வோல்ட்டைப் பொறுத்தும் மாறும்; பேட்டரி தளர்ந்தால் கூடும். ஈசியுவில் இந்த அட்டவணையைப் புதிய இன்ஜெக்டருக்கு ஏற்ப எழுத வேண்டும். பெரிய இன்ஜெக்டரை மாட்டிவிட்டுப் பழைய டியூனிங்கிலேயே, அதாவது ஈசியுவில் எழுதியுள்ள பழைய அளவுகளிலேயே, வண்டியைக் கிளப்பினால், ஈசியு தான் 550-ஐத்தான் இயக்குவதாக நினைத்து இரு மடங்கு பெட்ரோலை ஊற்றும். சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுவிடும். ஆகவே இன்ஜெக்டரை மாற்றும் நாளும் டியூனிங் செய்யும் நாளும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இன்ஜெக்டரின் மின்தடை வகையும் ஈசியுவுக்குப் பொருந்த வேண்டும். குறைந்த தடை வகையை, அதற்கான தடைப்பெட்டியோ மின்னோட்டக் கட்டுப்பாடோ இல்லாத ஈசியுவில் நேரடியாக இணைத்தால் ஈசியு எரிந்துபோகும்.

எத்தனால் சேர்ந்தால் கணக்கு மாறும்

உயர்திறன் கார் வைத்திருப்போர் எத்தனாலை நாடுவதற்குக் காரணம் உண்டு. நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் அதன் ஆக்டேன் மதிப்பு 108-ஐ ஒட்டியது. ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. நாக்கிங் தள்ளிப்போவதால் பூஸ்டையும் தீப்பொறி நேரத்தையும் முன்னேற்ற முடிகிறது. ஆனால் எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதன் ஒரு கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். அதே காற்றுக்கு எத்தனால் அதிகம் வேண்டும் என்று இதற்குப் பொருள். பெரும்பகுதி எத்தனாலும் மீதி பெட்ரோலுமான இ85 கலவைக்கு, கொள்ளளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் பாய்ச்சல் தேவை.

நம் 600 குதிரைத்திறனுக்கு இது என்ன செய்கிறது? 219 லிட்டர் 307 ஆகிறது, 716 மி.லி. இன்ஜெக்டர் 1000-ஐத் தொடுகிறது. பெட்ரோலில் போதுமாயிருந்த பம்பு, வயர், ஃபில்டர் எல்லாம் ஒரே நாளில் போதாமல் போகின்றன.

அமெரிக்காவில் இ85 என்று விற்கப்படுவதில் எத்தனால் பங்கு பருவத்தையும் இடத்தையும் பொறுத்து 51 முதல் 83 விழுக்காடு வரை மாறலாம். பெயரை நம்பி ஒரே டியூனிங்கில் ஓட்ட முடியாது. குழாயில் பொருத்தப்படும் ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் சென்சார், எத்தனால் இல்லாதபோது 50 ஹெர்ட்ஸும் முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸுமாக அலைவெண்ணை அனுப்பும். ஈசியு அதைப் படித்து எரிபொருளையும் பூஸ்டையும் மாற்றிக்கொள்ளும். எத்தனாலை நிரந்தரமாகப் பயன்படுத்த நினைப்போருக்கு இந்தச் சென்சார் இல்லாத அமைப்பைப் பரிந்துரைக்க முடியாது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்துச் சிதைக்கும். பூச்சு இல்லாத அலுமினியத்தை அரிக்கும். எனவே டெஃப்லான் உள்பூச்சுள்ள ஹோஸ், காகிதத்துக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வலை அல்லது கண்ணாடி இழை ஃபில்டர், எத்தனாலுக்கென்று சான்றளிக்கப்பட்ட பம்பு ஆகியவை தேவைப்படும்.

இந்தியாவில் 2023 முதல் விற்பனைக்கு வந்த இ20 குறித்து எழும் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. 20 விழுக்காட்டு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வேண்டிய காற்று விகிதம் ஏறத்தாழ 13.5, கொள்ளளவில் 7 அல்லது 8 விழுக்காடு கூடுதல் எரிபொருள் தேவை. தொழிற்சாலை நிலையில் இருக்கும் காரின் இன்ஜெக்டர் இந்தக் கூடுதலைத் தன்னிடமுள்ள இடைவெளியிலிருந்து கொடுத்துவிடும். அதற்காகப் பம்பையோ இன்ஜெக்டரையோ மாற்றத் தேவையில்லை. ஆனால் ஏற்கெனவே திறன் ஏற்றப்பட்டு, இன்ஜெக்டர் 85 விழுக்காட்டில் ஓடும் காருக்கு, அதே 7 விழுக்காடு முழுப் பாதுகாப்பு இடைவெளியில் கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். பழைய பெட்ரோலில் டியூன் செய்யப்பட்ட டர்போ கார்களை மறுபடி அளந்து பார்ப்பது அவசியம்.

தொட்டியும் குழாயும்

பந்தயத்தடத்தில் கார் ஒரு ‘ஜி’ விசையில் வளையும்போது, தொட்டிக்குள் பெட்ரோலின் மேற்பரப்பு 45 பாகை சாய்ந்து நிற்கும். பாதித் தொட்டி இருந்தாலும் பம்பின் வாய் காற்றைக் குடிக்கும். இதற்குத் தீர்வு, இரண்டு மூன்று லிட்டர் கொள்ளும் சிறு இடைத்தொட்டி: தொட்டியிலுள்ள பம்பு இதை எப்போதும் நிரப்பி வைக்க, இதிலிருந்து முதன்மை பம்பு ரெயிலுக்குத் தள்ளும். சாலையில் மட்டும் ஓட்டுவோர், தொட்டியைக் கால் அளவுக்குக் கீழே இறங்க விடாமல் இருந்தால் பெரும்பாலும் போதும்.

குழாய் அளவுகள் ‘ஏஎன்’ எண்களில் சொல்லப்படுகின்றன. அமெரிக்க இராணுவமும் கடற்படையும் வகுத்த தரம் இது. எண் ஒவ்வொன்றும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கைக் குறிக்கும். ஏஎன் 6 என்றால் எட்டில் மூன்று அங்குலக் குழாய்க்கு உரியது. ஏஎன் 8 அரை அங்குலத்துக்கு. நம் எடுத்துக்காட்டில் பெட்ரோலுக்கு முன்னதும் இ85-க்குப் பின்னதும் தகும். திரும்பு குழாயைச் சிறியதாக விட்டுவிட்டால், எஞ்சின் சும்மா ஓடும்போது மிஞ்சும் பெட்ரோல் முழுதும் அதற்குள் நுழைய முடியாமல், ரெகுலேட்டர் திறந்திருந்தும் ரெயில் அழுத்தம் இறங்காது. ஃபில்டரில், பம்புக்கு முன் 100 மைக்ரான், பின் 10 மைக்ரான் என்பது பொது வழக்கம். முன்னதை மிக நுண்ணியதாக வைத்தால் உறிஞ்சும் பக்கத்தில் தடை ஏற்பட்டு, அங்கேயே ஆவிக்குமிழி பிறக்கும்.

இங்கே ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 4.5 பாரில் கசியும் பெட்ரோல் சொட்டாது. மெல்லிய தூவலாகப் பீய்ச்சும், அதுவும் சிவக்கக் காய்ந்த டர்போவின் அருகே. தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸுக்கும் வெளியே செல்லும் ஹோஸுக்கும் தரநிலை வேறு. வெளி ஹோஸைத் தொட்டிக்குள் போட்டால் ஊறி உதிரும். எஞ்சின் நின்றவுடன் பம்பும் நிற்கும் ஏற்பாட்டை, புதிய ரிலே வயரிங்கில் எக்காரணம் கொண்டும் இழக்கக் கூடாது. விபத்தில் சாய்ந்து கிடக்கும் காரில் பம்பு ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. காப்பீட்டுத் தொகை கோரும்போதும் இத்தகைய மாற்றங்கள் கேள்விக்குள்ளாகும்.

நேரடி உட்செலுத்தல் உள்ள கார்களில்

2019-இல் வந்த ஐந்தாம் தலைமுறை சூப்ராவின் ஆறு சிலிண்டர் வகையில் பிஎம்டபிள்யூவின் பி58 எஞ்சின் இருக்கிறது. அதில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே, நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. தொட்டியிலுள்ள பம்புக்கு அப்பால், எஞ்சினாலேயே இயங்கும் உயரழுத்த பம்பு ஒன்றும் இருப்பதால் எல்லைகள் இரண்டாகின்றன. அத்துடன் நேரமும் சுருங்குகிறது: 7,000 சுற்றில் உறிஞ்சும் வீச்சு 4.3 மில்லிநொடிதான். இன்டேக் பாதையில் செலுத்தும் பழைய முறையில் கிடைத்த 17 மில்லிநொடி இங்கே இல்லை. அதனால் இந்தக் கார்களில் மிகுதித் திறனுக்கு, இன்டேக் பாதையில் கூடுதலாக ஒரு வரிசைச் சாதாரண இன்ஜெக்டர்களைச் சேர்ப்பவர்கள் உண்டு. அந்த வரிசைக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு அப்படியே பொருந்தும்.

அளந்து பார்ப்பது எப்படி?

பொருள்கள் அனைத்தையும் பொருத்திய பின், ரெயிலில் ஓர் அழுத்தச் சென்சாரை நிறுவி, அதையும் பூஸ்ட், லாம்டா, பம்பின் முனை வோல்ட், இன்ஜெக்டர் டியூட்டி ஆகியவற்றையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்டைக் கழித்தால் கிடைக்கும் வேறுபாடு, எல்லாச் சுற்றிலும் 3 பாரில் நேர்கோடாக நிற்க வேண்டும். முதலில் குறைந்த பூஸ்டில், திறனை அளக்கும் உருளை மேடையான டைனோவில் ஓட்டிப் பார்த்து, கோடு அசையாமல் இருந்தால் மட்டும் படிப்படியாக ஏற்றுவது முறை. கோடு வளைந்தால், அது வளையும் விதமே காரணத்தைக் காட்டும்.

1. சுற்று ஏற ஏற வேறுபாடு மெல்லச் சரிந்தால், பாய்ச்சல் போதவில்லை. பம்பின் முனை வோல்ட்டும் கூடவே சரிந்தால் குற்றம் வயரில், வோல்ட் நிலையாக இருந்தால் பம்பில், ஃபில்டரில் அல்லது சல்லடையில்.
2. பூஸ்ட் ஏறும்போது ரெயில் அழுத்தம் ஏறாமல் தட்டையாக நின்றால், ரெகுலேட்டரின் சிறு குழாயை அல்லது அதன் உள்ளிருக்கும் சவ்வைப் பார்க்க வேண்டும்.
3. வளைவுகளில் மட்டும் திடீரென விழுந்து எழுந்தால், தொட்டியில் பெட்ரோல் ஒதுங்குகிறது.
4. முதல் சில ஓட்டங்களில் சரியாக இருந்து, பின்னர் மெல்லத் தளர்ந்தால், எரிபொருள் சூடேறி ஆவி கட்டுகிறது.
5. எஞ்சின் சும்மா ஓடும்போது அழுத்தம் குறித்த அளவுக்கு மேல் நின்றால், திரும்பு குழாய் குறுகல்.
6. வேறுபாடு 3 பாரில் உறுதியாக நின்றும் லாம்டா மெலிந்தால், டியூட்டி எண்ணைப் பார்க்க வேண்டும்: அது எல்லையைத் தொட்டிருந்தால் இன்ஜெக்டர் சிறியது, தொடவில்லை என்றால் டியூனிங் தவறு அல்லது ஓர் இன்ஜெக்டரின் வாய்ச் சல்லடை அடைபட்டிருக்கிறது.

ஆறாவது நிலையின் கடைசிக் காரணம் மிகவும் ஏமாற்றக்கூடியது. லாம்டா சென்சார் ஆறு சிலிண்டர்களின் சராசரியை மட்டுமே காட்டும். ஐந்து சிலிண்டர்கள் சரியாக ஓடி ஒன்று மட்டும் கால் பங்கு மெலிந்திருந்தாலும், சராசரியில் அது 4 விழுக்காட்டு மாற்றமாகவே தெரியும். ஆகவே பயன்படுத்திய இன்ஜெக்டர்களை வாங்குவோர், பொருத்துவதற்கு முன் ஆறையும் ஒரே சோதனை மேடையில் வைத்து ஓட்டி, ஒவ்வொன்றின் பாய்ச்சலையும் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.